ஏறாமை குற்றமா?

ஒருவன் பிறர் பொருளைத் திருடுகிறான், அவனைத் தண்டிக்கிறோம். ஒருவன் கல்லெறிகிறான், அவனையும் தண்டிக்கிறோம். இவற்றில் ஒரு செயல் உண்டு; அச்செயலுக்கு உரியவன் ஒருவனும் உண்டு. ஆனால் தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. அதில் ஏறாமல் ஒருவன் தன் வழியே நடந்து போகிறான். அவன் செய்தது என்ன? நடந்தான் என்று சொல்லலாம். ஏறவில்லை என்றும் சொல்லலாம். நடப்பதைக் குற்றம் என்று எந்த அறநூலும் கூறாது. ஏறாததைக் குற்றம் என்று ஓர் அரசு கூறத் துணியுமாயின் அதை நாம் எவ்வாறு எடுத்துக்கொள்வது?

இது வெறும் தருக்க விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆனால் 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஹாங்காங்கை ஆண்ட ஆங்கிலேய அரசு இவ்வினாவுக்கு ஒரு சட்டத்தின் வாயிலாகவே விடை கூறியது. புறக்கணிப்புத் தடுப்புச் சட்டம் என்பது அதன் பெயர். டிராம் வண்டிகளில் ஏற மறுத்த சீன மக்களை ஏறச் செய்வதற்கென்றே பிறந்த சட்டம் அது. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து, டிராம் மணியோசை கேட்கும் இக்கல்கத்தா மாநகரில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட நாம், அந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குவது தகும் என்று கருதுகிறோம்.

ஹாங்காங் தீவில் 1904ஆம் ஆண்டு ஜூலையில் டிராம் ஓடத் தொடங்கியது. தீவின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். அவர்களிலும் பெரும்பாலோர் அடுத்திருந்த குவாங்டுங் மாநிலத்திலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள். உழைப்பு இங்கே, உறவு அங்கே என்ற வாழ்க்கை. அவ்வாழ்க்கையின் சுவை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கையில் இருவகைச் சில்லறை புழங்கியது. ஹாங்காங் அரசின் நாணயம் ஒன்று. காண்டன் நகரத்து நாணயச்சாலையில் அடித்த நாணயம் மற்றொன்று. கடைக்காரரும் இரண்டையும் வாங்கினர். டிராம் கண்டக்டரும் வாங்கினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பத்துக் காசு நாணயங்கள் பத்துச் சேர்ந்தால் ஒரு வெள்ளி டாலர் ஆகவேண்டும். ஏட்டில் அப்படித்தான், சந்தையில் அப்படி இல்லை. சில்லறையில் வெள்ளியும் குறைவு. அதை அளவுக்கு மீறி அடித்தும் விட்டார்கள். டிராம் கம்பெனி சீட்டுக்காக முழு மதிப்பில் வாங்கிய சில்லறையைப் பின்னர் மாற்றும்போது வட்டம் கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே கம்பெனியின் முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முந்தைய ஆண்டுகளில் ஹாங்காங் அரசே ஏராளமான சில்லறையை வெளியிட்டு, அது எல்லை கடந்து சீனத்தில் புழங்கியபோது அதனால் ஆதாயம் அடைந்ததும் உண்மையே. நம் காசு அயலூரில் செல்லுமானால் அது வாணிகம்; அயலூர்க் காசு நம்மூரில் செல்லுமானால் அது கேடு! உலகக் கணக்கு பல இடங்களில் இப்படித்தான் எழுதப்படுகிறது.

காலமும் சாதாரணக் காலமாக இல்லை. 1911இல் எழுந்த புரட்சியால் சீனத்தில் மஞ்சு மன்னராட்சி வீழ்ந்தது. 1912இன் தொடக்கத்தில் குடியரசு மலர்ந்தது. ஹாங்காங்கில் வாழ்ந்த சீனர் அதைக் கொண்டாடினர். புதிய அரசுக்குப் பொருள் திரட்டியும் அனுப்பினர். அந்த மகிழ்ச்சி அடங்குமுன், அவ்வாண்டு நவம்பரில், அரசின் தூண்டுதலோடு டிராம் கம்பெனி ஓர் அறிவிப்பைச் செய்தது. காண்டன் நாணயம் இனி டிராமில் செல்லாது என்பதே அது. கம்பெனிக்கு அது வரவு செலவுக் கணக்கு. மக்களுக்கோ, நேற்றுப் பிறந்த தம் குடியரசைத் தெருவில் நிறுத்தி, நீ செல்லாக்காசு என்று சொன்னதாகப் பட்டது. அவர்கள் வண்டியில் ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். டிராம்கள் வெறுமையாக ஓடின.

அப்போது ஆளுநராக இருந்தவர் சர் பிரான்சிஸ் ஹென்றி மே. அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவர் பதவியேற்க வந்து இறங்கியபோதே அவரைச் சுட ஒருவன் முயன்றான். குண்டு அவர்மேல் படாமல் அவர் மனைவியின் பல்லக்கில் பாய்ந்தது. முன்னர் அத்தீவின் காவல்துறைக்கே தலைவராக இருந்தவர் அவர். இத்தகைய ஒருவருடைய கண்ணுக்கு ஆளில்லாத டிராம் வண்டி வெறும் வண்டியாகத் தெரியாமல் சதியாகத் தெரிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. மே அவர்கள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தவர். 'பாய்காட்' என்னும் சொல்லையே உலகுக்கு வழங்கிய நாடு அது. 1880இல் அந்நாட்டின் மேயோ மாவட்டத்தில் சார்லஸ் பாய்காட் என்னும் பண்ணை முகவரோடு ஊரார் எவ்வகைத் தொடர்பும் கொள்ளவில்லை. வேலையாள் இல்லை, கடையில் பொருள் இல்லை. அவருடைய விளைச்சலை அறுக்க வெளியூர் ஆள்கள் வந்தபோது, அரசு அவர்களைச் சுற்றிப் படையை நிறுத்தியது. அறுத்த பயிரின் விலையைப்போலப் பன்மடங்கு செலவாயிற்று. இது நடந்தபோது மே இருபது வயது இளைஞர். அச்செய்தியை அவர் அறியாதிருந்திருக்க இயலாது. அறிந்தும் அதிலிருந்து அவர் கற்றது வேறு பாடம் போலும். படையை நிறுத்தினால் அரசுக்குச் செலவு. வரியை விதித்தால் மக்களுக்குச் செலவு அல்லவா?

சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. பிறரை அச்சுறுத்திப் புறக்கணிக்கச் செய்வோரைத் தண்டிப்பது ஒன்று. இதில் நமக்கு மறுப்பில்லை. மற்றொன்றுதான் நம்மை நிறுத்தி வைக்கிறது. ஒரு பகுதியைப் புறக்கணிப்பு நிகழும் பகுதி என்று ஆளுநர் தம் குழுவோடு கூடி அறிவிக்கலாம்; அறிவித்துவிட்டால் அப்பகுதியில் உள்ளோர்மீது தனி வரி சுமத்தலாம்; நட்டமுற்ற கம்பெனிக்கு அதிலிருந்து ஈடு செய்யலாம். சுருங்கக் கூறினால், சீட்டு வாங்காதவன் சீட்டின் விலையை வரியாகச் செலுத்தவேண்டும். அவன் மட்டுமா? அத்தெருவில் குடியிருந்து நாள்தோறும் டிராமில் போய்வந்தவனுக்கும் அதே பங்கு. நடக்க மாட்டாமல் வீட்டோடு கிடக்கும் கிழவியின் வீட்டுக்கும் அதே பங்கு.

அரசின் பக்கம் நின்றும் இதைப் பார்க்கவேண்டும். புறக்கணிப்பு என்றால் அதில் எல்லோரும் மனமொப்பிச் சேர்ந்தவர் என்று எண்ணுவது பேதைமை. ஏறியவரை இகழ்ந்தோர் இருந்தனர்; அந்த இகழ்ச்சிக்கு அஞ்சி ஏறாதிருந்தோரும் இருந்தனர். பத்துப்பேர் கூடி ஒருவனை மறித்து 'ஏறாதே' என்னும்போது, அவனுடைய ஏறாமை அவனுடையதாக இல்லாமற் போய்விடுகிறது. நம் நாட்டு விடுதலைப் போராட்டத்திலும் இத்தகைய நெருக்குதல் நிகழ்ந்ததுண்டு. அதை நாம் பெருமையாகப் பேசுவது முறையன்று. ஆகவே, ஏற விரும்புகின்றவனைக் காப்பது அரசின் கடமை என்று மே அவர்கள் வாதிட்டால், அக்கடமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வரி யாரைக் காத்தது? அண்டை வீட்டானுக்கு அஞ்சி ஏறாதவனை எடுத்துக்கொள்வோம். அவனை அந்த அச்சத்திலிருந்து விடுவிக்க வந்த அரசு, அவன் தலையில் இரண்டாவது அச்சம் ஒன்றை ஏற்றிவிட்டுப் போகிறது. காலையில் அண்டை வீட்டானுடைய கண். மாலையில் வரி வாங்குபவனுடைய கை. எது பெரிது என்று எடைபோட்டுப் பார்த்து அவன் ஏறலாம், அல்லது நடக்கலாம். அவனுடைய விருப்பம் எது என்று யாரும் கேட்கவில்லை. ஏறும் உரிமையைக் காக்கப் புறப்பட்ட சட்டம், ஏறுவதை ஒரு கடமையாக மாற்றிவிட்டது. கடமையான பிறகு அந்தச் சீட்டு சீட்டன்று. அரசுக்கு அடங்கியவன் என்பதற்கு அத்தாட்சி.

ஒரு தடை எழுப்பப்படலாம். தெருவிளக்குக்கு வரி கொடுக்கிறோம். விளக்கொளியில் நடக்காத குருடனும் கொடுக்கிறான். ஊரின் நன்மைக்கு எல்லோரும் பொறுப்பு என்றால் ஊரின் தீமைக்கும் எல்லோரும் பொறுப்பாக வேண்டாமா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்கு வரி எவனையும் பழிப்பதில்லை. அதைக் கொடுத்தவன் தலை குனிய வேண்டியதில்லை. தண்டவரி அப்படியன்று, அது பணத்தோடு பழியையும் சுமத்துகிறது. பணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கிடலாம். பழியை அவ்வாறு பங்கிட முடியாது. ஒருவன் செய்ததற்கு அவனே உரியவன் என்ற எண்ணம் இல்லையானால், பழி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

ஏறாமையில் இந்தக் குழப்பம் இன்னும் மிகுதி. திருடியவன் ஏன் திருடினான் என்பது தெரியாவிட்டாலும் திருட்டு தெரிகிறது. நடந்து போகிறவனைப் பார்த்து என்ன தெரியும்? ஒருவன் சினத்தால் நடப்பான், ஒருவன் அச்சத்தால், ஒருவன் காசு மிச்சப்படுத்த, ஒருவன் நண்பன் நடக்கும்போது தான் மட்டும் ஏற வெட்கப்பட்டு. வெளியே எல்லா நடையும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றைப் பிரித்தறியும் ஆற்றல் எந்த அரசுக்கும் இல்லை. அந்த ஆற்றலின்மையை ஒப்புக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளலாம். ஹாங்காங் அரசு வேறு வழி கண்டது. மனிதனைப் பிரித்தறிய முடியாவிட்டால் மனிதனையே விட்டுவிட்டுத் தெருவைத் தண்டிப்பது என்பது அவ்வழி.

இங்கே நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. கணவனைப் பறிகொடுத்த கண்ணகி மதுரையை எரியூட்டினாள். நீதி தவறியவன் அரசன், எரிந்தது ஊர். இதைவிடப் பெரிய ஊர்த்தண்டம் நம் இலக்கியத்தில் இல்லை. ஆயினும், அந்தக் கொடுஞ்சினத்தின் நடுவிலும் அவள் தீக்கடவுளுக்கு ஓர் எல்லை வகுத்துக் கொடுக்கிறாள். அந்தணர், அறவோர், பசுக்கள், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடு என்கிறாள். தீயோரை மட்டும் சேர் என்கிறாள். அவள் வகுத்த பட்டியலோடு இன்று நாம் முழுவதும் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் பட்டியல் ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிற்றே, அதுதான் குறிப்பிடத்தக்கது. மார்பைத் திருகி எறிந்த ஒருத்திக்குத் தோன்றியது, அறையில் அமர்ந்து ஆற அமரச் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

ஹாங்காங் நமக்குத் தொலைவு என்று யாரும் நினைக்க வேண்டா. இந்தியாவின் 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்திலேயே இந்த வித்து இருந்தது. கலகம் நடந்த ஊரில் கூடுதல் காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையில் கட்டலாம் என்று அதன் 15ஆம் பிரிவு வழிவகுத்தது. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது நடந்ததும் ஒருவகையில் பயணப் புறக்கணிப்பே. ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பலில் ஏறாமல் கொழும்புக்குச் செல்லும் மக்கள் சுதேசிக் கப்பலை நாடினார்கள். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. இலவசம் என்ற பின்னும் ஒருவன் ஏற மறுக்கிறான் என்றால் அங்கே பேசுவது காசு அன்று என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார்; நெல்லையில் கலகம் மூண்டது; துப்பாக்கி வெடித்தது. அதன்பின் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படை வந்தது; அதற்கான வரி கலகத்தில் கலந்தவன், கலவாதவன் என்ற வேறுபாடின்றி ஊர்மேல் விழுந்தது. செக்கிழுத்த அச்செம்மல் சிறையிலிருந்து வெளிவந்தது 1912 டிசம்பரில். அதே திங்களில்தான் ஹாங்காங்கில் புறக்கணிப்புத் தடுப்புச் சட்டம் பிறந்தது.

ஹாங்காங்கில் பின்னர் நடந்தது விரைவில் சொல்லி முடிக்கத்தக்கது. வரியைப் பற்றிய அச்சம் ஒருபுறம். சீன வணிகப் பெருமக்களின் சமாதான முயற்சி ஒருபுறம். நிறுவனங்கள் டிராம் சீட்டுகளை மொத்தமாக வாங்கித் தம் பணியாளருக்குக் கொடுக்குமாறு தூண்டப்பட்டன. 1913இன் தொடக்கத்தில் புறக்கணிப்பு ஓய்ந்தது. டிராம்களில் கூட்டம் திரும்பிற்று. அயல்நாட்டுச் சில்லறையைத் தடுக்கும் சட்டங்களும் தொடர்ந்தன. அரசு நினைத்தது நடந்தது.

அந்தச் சமாதானத்துக்கு நடுநின்றவர்களுள் ஒருவரை மட்டும் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். சர் ஹோ காய் என்பவர் அவர். இங்கிலாந்துக்குச் சென்று மருத்துவமும் சட்டமும் பயின்றவர். 1890 முதல் ஹாங்காங் சட்டமன்றத்தில் சீனர்களின் சார்பாக அமர்ந்திருந்தவர். சீனக் குடியரசின் தந்தையான சன் யாட் சென் அவரிடம் பயின்ற மாணவர். புரட்சியை அவர் வரவேற்றவர், ஆளுநருக்கும் வேண்டியவர். ஆகவே தம் மக்களிடம் சென்று, வண்டியில் ஏறுங்கள் என்று சொல்லும் பொறுப்பு அவர்போன்றோர்மீது விழுந்தது. அவர் கோழையா? நாம் அப்படிக் கருதவில்லை. வந்தேறி வாழும் எந்தக் கூட்டத்துக்கும் இப்படி ஒருவர் தேவைப்படுகிறார். இரு மொழியிலும் பேசத் தெரிந்தவர். இரு பக்கத்தாரும் நம் ஆள் என்று எண்ணுபவர். நெருக்கடி வரும்போது இரு பக்கத்தாரும் ஐயுறுவதும் அவரைத்தான். 1914இல் மே அவர்கள் ஹோ காய்க்குச் சட்டமன்றப் பதவியை நீட்டிக்கவில்லை. அவ்வாண்டே அவர் காலமானார். அவர் பெயரின் ஒரு பாதி பின்னாளில் காய் டாக் விமான நிலையத்தின் பெயரில் இடம்பெற்று, 1998இல் அந்நிலையம் மூடப்படும்வரை, அந்நகரில் வந்திறங்கிய பயணிகளின் வாயில் புழங்கிற்று. அப்பெயர் ஒரு மனிதனுடையது என்று அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

தெருவைத் தண்டிக்கும் சட்டத்தில் கொடுமை மட்டுமன்று, ஒரு பேதைமையும் உண்டு. ஹாங்காங்கில் நடந்தவர்கள் ஒரே கூட்டமாக இருந்திருக்க மாட்டார்கள். சினந்தவன், அஞ்சியவன், சிக்கனக்காரன், வெட்கப்பட்டவன் என்று சிதறித்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே தண்டனைக்கு உட்படுத்தும் அரசு, அதுவரை இல்லாத ஒற்றுமையைத் தானே அவர்களுக்கு உண்டாக்கித் தருகிறது. அஞ்சி நடந்தவனுக்கும் இப்போது சினங்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அந்நியர் ஆட்சி போன பின்னும் இவ்வினா நம்மை விடவில்லை. 1953 ஜூலையில் இக்கல்கத்தாவில், லண்டனில் பதிவான டிராம் கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் காலணா கூட்டியது. மக்கள் கூடுதல் காசு கொடுக்க மறுத்தனர். பின்னர் டிராமையே புறக்கணித்தனர். ஆண்டது நம்மவர் அரசு. ஆயினும் தடையுத்தரவும் தடியடியும் சிறையும் பழைய வரிசையிலேயே வந்தன. வண்டிகள் சில எரிக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது எமக்கு எட்டு வயது. லேக் மார்க்கெட் அருகே குடியிருந்தோம். எம் தந்தையார் டல்ஹௌசி சதுக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மின்விசிறி இல்லாத பின்வண்டியில் நாள்தோறும் போய்வருபவர், அந்நாள்களில் நடந்தே போனார், நடந்தே வந்தார். போக நான்கு மைலுக்குக் குறையாது, வரவும் அவ்வளவே, மழைக்காலம் வேறு.

எதிர்வீட்டில் இருந்த தஞ்சாவூர்க்காரர், "பிழைக்க வந்த இடத்தில் இதெல்லாம் நமக்கு எதற்கு ஓய்?" என்று கேட்டார். மாடியில் இருந்த வங்காளி முதியவரோ, மதராஸ் பாபுவும் நடக்கிறாரே என்று மகிழ்ந்து, தந்தையாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருவருக்கும் தந்தையார் சிரித்ததோடு சரி. அவர் கட்சி எதிலும் இருந்தவரல்லர். ஊர்வலம் எதற்கும் போனவரல்லர். கல் வந்து விழும் என்று அஞ்சினாரா, காலணாவை எண்ணினாரா, இந்த ஊராரோடு தாமும் ஒருவர் என்று காட்ட நினைத்தாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் இரவு அவர் திண்ணையில் அமர்ந்து செருப்பின் தேய்ந்த குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா வாசற்படியில் நின்றபடியே, "காலணாவுக்காகவா இத்தனை நடை?" என்று கேட்டார். "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே எழுந்து போனார்.

சில வாரங்களில் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. பழைய கட்டணம் வந்த மறுநாள் காலை, தந்தையார் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார். பழைய செருப்பு இனித் தைப்பதற்கில்லை என்று சக்கிலியர் கைவிட்டிருந்தார். அன்று அவர் காலில் இருந்தது புதுச்செருப்பு.